கண்ணுக்கும் செவிக்கும் ஒரு நூல்

ஜூன் திங்களில் பள்ளிகள் திறக்கும் வேளை நெருங்கும்போது நம் இல்லங்கள்தோறும் ஒரு பட்டியல் எழுதப்படுகிறது. சீருடை, காலணி, புத்தகப்பை, பாடநூல்கள், குறிப்பேடுகள், அவற்றுக்கு உறையிடும் தாள், போதாக்குறைக்கு வினா-விடைக் கையேடுகள் என அது நீள்கிறது. இப்பட்டியலில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்று உண்டு. எழுத்துக் கூட்டிப் படிக்க இன்னும் அறியாத மழலையை மடியில் இருத்தி, நாம் வாய்விட்டுப் படித்துக் காட்டுவதற்குரிய படநூலே அது.

சில இல்லங்களில் அதுவும் வாங்கப்படுகிறது என்பது உண்மைதான். ஆனால் எவ்வாறு வாங்கப்படுகிறது? அட்டையின் பளபளப்பு, விலையின் மலிவு, ‘நீதிக்கதைகள்’ என்னும் தலைப்பு, இம்மூன்றில் ஒன்றே பெரும்பாலும் முடிவு செய்கிறது. ஒரு புதினத்தையோ கவிதைத் தொகுதியையோ வாங்குமுன் நான்கு பேரிடம் கருத்துக் கேட்கும் நாம், ஐந்து வயதுக் குழந்தையின் நூலை ஒரு நிமிடமும் ஆராய்வதில்லை. இத்தனைக்கும் புதினத்தை ஒரு முறை படிப்போம். குழந்தையின் நூலையோ அது கேட்குந்தோறும் படித்தாக வேண்டும். ஐம்பது முறை ஒரு வீட்டில் ஒலிக்கப்போகும் நூலுக்கு இலக்கியத் தரம் வேண்டாவா? படநூலும் திறனாய்வுக்கு உரிய இலக்கிய வகையே. அதனைத் தேர்வதற்குக் கண்ணைக் காட்டிலும் வாயும் செவியுமே தக்க கருவிகள். இதனையே நாம் இங்கு எடுத்துரைக்க விரும்புகிறோம்.

படமுள்ள நூலும் படநூலும்

முதலில் ஒரு வேறுபாட்டைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். படமுள்ள நூல் எல்லாம் படநூல் ஆகிவிடாது. மொராவிய நாட்டுக் கல்வியாளர் கொமீனியஸ் 1658ஆம் ஆண்டில் நியூரம்பர்க் நகரில் வெளியிட்ட ‘ஓர்பிஸ் பிக்டஸ்’, சிறுவர்க்கெனப் படங்களுடன் அமைந்த பழைய பாடநூல்களுள் பெரும்புகழ் பெற்றது. அதில் பொருளின் படமும் அப்பொருளின் பெயரும் அருகருகே நின்றன. நம் நாட்டில் 1947ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பிறந்த ‘அம்புலிமாமா’வின் ஓவியங்களை அதனைப் படித்து வளர்ந்த தலைமுறையினர் மறக்க இயலாது. ஆயினும் இவ்விரண்டிலும் படம் சொல்லுக்குத் துணையாகவே நிற்கிறது. அம்புலிமாமாக் கதையைக் கேட்பவர் படத்தைக் காணாவிடினும் கதை குறைவுபடுவதில்லை.

படநூலில் நிலைமை வேறு. அங்குக் கதையின் ஒரு பாதி சொல்லிலும் மறுபாதி ஓவியத்திலும் இருக்கும். இதற்குச் சிறந்த சான்றாக ஆங்கிலேய எழுத்தாளர் பேட் ஹட்சின்ஸ் 1968இல் படைத்த, கோழி ரோஸி உலாவச் செல்லும் சிறு நூலைக் கூறலாம். அந்நூல் முழுவதிலும் இருப்பது ஒரே வாக்கியம். மொத்தம் 32 சொற்கள். கோழி முற்றத்தைக் கடந்தது, குளத்தைச் சுற்றியது, வைக்கோற் போரைத் தாண்டியது, இரவு உணவுக்கு வீடு திரும்பியது என்பதற்கு மேல் சொற்கள் ஒன்றும் கூறவில்லை. ஆனால் ஓவியத்திலோ ஒரு நரி ஒவ்வொரு பக்கத்திலும் அக்கோழியைப் பின்தொடர்கிறது. பாயும்போதெல்லாம் ஏதேனும் ஓர் இக்கட்டில் சிக்கி ஏமாறுகிறது. ‘நரி’ என்னும் சொல் அந்நூலில் ஓரிடத்திலும் இல்லை!

இந்நூலைப் படித்துக் காட்டும்போது நிகழ்வது யாது? படிப்பவர் கோழியைப் பற்றிச் சொல்கிறார், கேட்கும் குழந்தையோ “நரி! நரி!” என்று கூவுகிறது. எழுதியவர் சொல்லாது விட்ட சொல்லைக் குழந்தை சொல்கிறது. எழுத்தறிந்த பெரியவருக்குத் தெரியாத ஒன்று, எழுத்தறியாத தனக்குத் தெரிந்திருக்கிறது என்னும் பெருமிதம் அதன் முகத்தில் மலர்கிறது. பள்ளியின் முதல் நாள்களில், ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்னும் உணர்வை அடுக்கடுக்காகப் பெறும் பிஞ்சு உள்ளத்துக்கு இப்பெருமிதம் எத்துணைப் பெரிய மருந்து! ஆகவே நூலைத் தேரும்போது நாம் கேட்க வேண்டிய முதல் வினா, “சொல் கூறாத எதனை இப்படம் கூறுகிறது?” என்பதாகும். சொல்லில் யானை என்றிருக்க, படத்திலும் யானையே நின்று, அதற்கு மேல் ஒன்றுமில்லையெனின், அந்நூல் இரண்டாம் முறை படிக்கப்பட மாட்டாது.

நாவே உரைகல்

அடுத்து மொழிக்கு வருவோம். தமிழ் முஸ்லிம்களாகிய நம் இலக்கியம் தொடக்கம் முதலே செவி வழியாக வாழ்ந்த இலக்கியம். 1572ஆம் ஆண்டைச் சேர்ந்த ‘ஆயிரம் மசலா’ முதலாக, மாலைகளும் கிஸ்ஸாக்களும் முனாஜாத்துகளும் ஒருவர் ஓதப் பலர் கேட்கும் முறையிலேயே நம் வீடுகளுக்குள் புகுந்தன. தமிழ் எழுத்தை அறியாது, அரபுத்தமிழ் ஏடுகளை மட்டுமே ஓதத் தெரிந்த பாட்டிமார் பலர் அவற்றை மனப்பாடமாகச் சொல்லக்கூடியவர்களாய் இருந்தனர். ஓதுவதற்குரிய சொல் எத்தகையது என்பதை அறிந்த சமுதாயம் இது. அந்த அறிவைக் குழந்தை நூல் வாங்கும் கடையில் நாம் பயன்படுத்தாதது வியப்பேயாகும்.

குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பா (1922-1989) அவர்களின் பாடல்கள் தலைமுறைகள் கடந்தும் நாவில் நிற்பதற்குக் காரணம், அவை நாவுக்கென்றே எழுதப்பட்டமைதான். ஆனால் இன்று தமிழில் கிடைக்கும் படநூல்களிற் பல வேறு மொழிகளிலிருந்து பெயர்க்கப்பட்டவை. அவற்றுள் சில கண்ணுக்குத் தமிழாய்த் தோன்றினும் நாவுக்குத் தமிழாய் இருப்பதில்லை. நாமே ஓர் எடுத்துக்காட்டை அமைத்துக் காட்டுவோம். “மரக்கிளையின் மீது அமர்ந்துகொண்டிருந்த நீண்ட வாலையுடைய அந்தக் குரங்கினால் பழம் உண்ணப்பட்டது” என்று ஒரு நூலில் இருப்பதாகக் கொள்வோம். இலக்கணப் பிழை இதில் இல்லை. ஆயினும் இதனை உரக்கப் படித்தால் மூச்சு வாங்கும். பழத்தைச் சென்றடையுமுன் குழந்தையின் கவனம் குரங்கைப் போலவே தாவி ஓடிவிடும். “மரத்தில் ஒரு குரங்கு. அதற்கு நீண்ட வால். பழத்தைப் பறித்தது. கடித்தது. துப்பியது!” என்று எழுதப்பட்டிருப்பின் நிலைமை எவ்வாறு மாறுகிறது என்பதைப் படித்துப் பார்ப்பவரே உணர்வர். கதை முன்பு ஒன்றாக இருந்தது; இப்போது ஐந்து அடிகளாக நடக்கிறது. ஒவ்வோர் அடியிலும் குழந்தை ‘பிறகு?’ என்று கேட்க இடம் இருக்கிறது.

மற்றொன்றும் உண்டு. நூலில் ‘இருந்தது’ என்று அச்சாகியிருப்பதை நாம் ‘இருந்துச்சு’ என்று படிக்கிறோம். ‘அம்மா’ என்றிருப்பது சில வீடுகளில் ‘உம்மா’ என்றும், ‘அப்பா’ என்றிருப்பது ஓர் ஊரில் ‘வாப்பா’ என்றும் மற்றோர் ஊரில் ‘அத்தா’ என்றும் ஒலிக்கும். அக்காள் ‘ராத்தா’ ஆவாள். குழம்பு ‘ஆணம்’ ஆகும். இதனைப் பிழை என்று எண்ணி வெட்கப்படுவோர் உளர். அது தேவையற்ற வெட்கம். அச்சில் உள்ள பொதுத்தமிழும் வாயில் உள்ள வீட்டுத்தமிழும் குழந்தையின் செவியில் சந்திக்கும் இடமே இவ்வாசிப்பு. ஒருநாள் வீட்டுத்தமிழில் சொல்லி, மறுநாள் அச்சிலுள்ளபடியே படித்துக் காட்டினால், பள்ளி கேட்கும் எழுத்துத் தமிழைக் குழந்தை அச்சமின்றி எதிர்கொள்ளும். நல்ல படநூலின் நடை இந்த மாற்றத்துக்கு இடங்கொடுக்கும். சிறு சிறு வாக்கியங்களால் ஆன நூலே அதற்கு ஏற்றது.

படம் நாவைக் கட்டுவதும் உண்டு

வீட்டுச்சொல்லைப் புகுத்த முடியாத இடங்களும் உள்ளன. அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் 1969இல் படைத்த, பெரும்பசி கொண்ட கம்பளிப்புழுவின் கதை உலகெங்கும் புகழ் பெற்றது. திங்களன்று ஓர் ஆப்பிள், செவ்வாயன்று இரண்டு பேரிக்காய் என நாளும் எண்ணும் பழமும் ஒன்றாக வளர்கின்றன. தாளிலேயே துளைகள் உள்ளன. குழந்தையின் விரல் புழுவாகி நுழைகிறது. வாய்விட்டுப் படிக்க இதனினும் சிறந்த அமைப்பைக் காண்பது அரிது. ஆனால் சனிக்கிழமையன்று அப்புழு உண்ணும் பத்துப் பண்டங்களைப் பாருங்கள். சலாமி என்னும் இறைச்சித் துண்டும், சுவிஸ் பாலாடைக்கட்டியும், செர்ரிப் பழப் பணியாரமும் அங்கு வரிசையாக நிற்கின்றன. நம் குழந்தைகள் பெரும்பாலோர் கண்டறியாத பண்டங்கள் இவை. சொல்லை மட்டும் கொண்ட கதையாயின், தாய் அவற்றை இடியாப்பமாகவும் வட்டிலப்பமாகவும் மாற்றிச் சொல்லிவிடுவாள். படம் எதிரே இருக்கையில் அது இயலாது. குழந்தை உடனே பொய்யைப் பிடித்துவிடும். இதனால் அந்நூலை விலக்க வேண்டும் என்று நாம் கூறவில்லை. அறியாத பண்டத்தை அறிவதும் கல்வியே. ஆனால் வாங்கும் நூல் ஒவ்வொன்றும் அயலார் உணவு மேசையையே காட்டிக்கொண்டிருப்பின், ‘கதை என்பது நம் வீட்டில் நடப்பதன்று’ என்னும் எண்ணம் குழந்தையின் உள்ளத்தில் வேரூன்றிவிடும்.

ஆங்கில மொழி கைவர வேண்டும் என்னும் ஆவலில் ஆங்கிலப் படநூல்களையே வாங்கும் வழக்கமும் பெருகியுள்ளது. சென்னையில் 1994இல் தொடங்கப்பட்ட தாரா பதிப்பகம் 1997இல் வெளியிட்ட, மரமேறிய புலியின் கதை ஒரு நல்ல நூல். அனுஷ்கா ரவிசங்கரின் பாடலும் புலக் பிஸ்வாஸின் ஓவியமும் ஒன்றோடொன்று விளையாடுகின்றன. பிடிபட்ட புலியை என்ன செய்வது என்று ஊரார் ஆராயும் இடம், ஒலிக்காகவே எழுதப்பட்ட இனிய பேதைமை. ஆனால் அவ்வின்பம் முழுவதும் ஆங்கில எதுகையில் இருக்கிறது. அவ்வெதுகையைத் துள்ளலோடு ஒலிக்க வல்லவர் கையில் அது விருந்து. சொல் சொல்லாகப் பொருள் கூறி நிறுத்திப் படிப்பவர் கையில் அது பாடம். தமக்கு எம்மொழியில் சிரிக்க வருகிறதோ அம்மொழியில் படித்துக் காட்டுவதே பெற்றோர்க்கு அழகு.

1996இல் சென்னையில் தோன்றிய துளிகா பதிப்பகம் போன்றவை ஒரே பக்கத்தில் ஆங்கிலத்தையும் தமிழையும் அமைத்து இருமொழி நூல்களை வெளியிடுகின்றன. இது போற்றத்தக்க முயற்சி. ஆயினும் ஓர் ஆங்கில வாக்கியம், ஒரு தமிழ் வாக்கியம் என மாறி மாறிப் படித்தால் கதையின் நடை நொண்டும். ஓர் இரவு ஒரு மொழி என வகுத்துக்கொள்வதே முறையாகும்.

அழகு மட்டும் போதுமா?

தாரா பதிப்பகமே 2006இல் வெளியிட்ட ‘மரங்களின் இரவு வாழ்க்கை’ என்னும் பொருளுடைய நூல், கோண்டுப் பழங்குடி ஓவியர் மூவரின் கைவண்ணம். கையால் செய்த கருந்தாளில், கையாலேயே அச்சிடப்பட்ட அந்நூலின் அழகைக் கண்டு வியவாதார் இலர். ஆனால் ஐந்து வயதுக் குழந்தைக்கு இரவில் படித்துக் காட்டும் நூலாக அதனைப் பரிந்துரைப்போமா? தயங்குவோம். ஒவ்வொரு பக்கமும் தனித்தனியே நிற்கும் ஒரு மரம், அதற்கு ஒரு சிறு குறிப்பு என்பதே அதன் அமைப்பு. அடுத்த பக்கத்தைப் புரட்டத் தூண்டும் கதையோட்டம் அதில் இல்லை. அது கண்ணின் நூல். வளர்ந்த பிள்ளைகளும் பெரியோரும் நெடுநேரம் பார்த்து மகிழ்வதற்குரியது. சிறந்த நூல் என்பது வேறு. உரக்கப் படிக்கச் சிறந்த நூல் என்பது வேறு. பரிசும் புகழும் பெற்ற நூல் என்பதற்காகவே வாங்கிவிட்டு, குழந்தை கேட்க மறுக்கும்போது குழந்தையைக் குறைகூறுவது நேர்மையாகாது.

இதற்கு மாறாக, மாரிஸ் செண்டாக் 1963இல் படைத்த, காட்டு விலங்குகளிடம் செல்லும் சிறுவன் மாக்ஸின் கதையை நோக்குவோம். குறும்பு செய்ததால் உணவின்றி அறைக்கு அனுப்பப்படுகிறான் அவன். அவ்வறையே காடாகிறது. தொடக்கத்தில் சிறிதாக இருக்கும் படம் பக்கத்துக்குப் பக்கம் வளர்ந்து, விலங்குகளின் ஆட்டம் உச்சமடையும்போது தாள் முழுவதையும் கவ்விக்கொள்கிறது. அங்கு அடுத்தடுத்து மூன்று விரிபக்கங்களில் ஒரு சொல்லும் இல்லை! படிப்பவர் வாய் மூட வேண்டிய இடம் அது; ஆடுவதும் உறுமுவதும் குழந்தையின் பங்கு. பின் அவன் வீடு திரும்பும்போது உணவு சூடாறாமல் காத்திருக்கிறது. தாய் மன்னித்துவிட்டாள் என்று நூல் எழுதவில்லை. உணவின் சூடே அதனைச் சொல்லிவிடுகிறது. அழகு கதைக்கு ஊழியம் செய்யும் முறை இதுவேயாகும்.

அறிவுரையை ஒட்டுவது ஏன்?

நீதிக்கதை மோகத்தைப் பற்றியும் கூறியாக வேண்டும். நற்குணம் புகட்டப்பட வேண்டும் என்பதில் நமக்கு மாறுபாடு இல்லை. கதை முடிந்தபின் ‘இதனால் அறியப்படுவது யாதெனில்’ என்று ஒரு வரியை ஒட்டும்போது என்ன நேர்கிறது என்பதே வினா. குழந்தை தானே கண்டடைந்திருக்கக் கூடிய ஒன்றை நாம் பறித்துக்கொள்கிறோம். ஓவியர் சங்கர் 1957இல் நிறுவிய குழந்தைகள் புத்தக அறக்கட்டளை வெளியிட்ட ‘மகாகிரி’ என்னும் யானைக்கதை பல தலைமுறையினர் அறிந்தது. குழியில் கம்பத்தை நட மறுக்கிறது யானை. பாகன் அடித்தும் அது பணியவில்லை. ஏன் என்பது இறுதியில்தான் விளங்குகிறது. குழிக்குள் ஒரு பூனைக்குட்டி இருந்திருக்கிறது. இதன்பின் ‘உயிர்களிடத்து இரக்கம் கொள்க’ என்று ஒரு வரி எதற்கு? அக்குட்டியைக் கண்ட கணத்தில் குழந்தையின் நெஞ்சில் எழுந்த இரக்கத்தை விடவா அவ்வரி கற்பித்துவிடும்?

நம் வீடும் கதைக்கு உரியதே

இனி, நம் குடும்பங்கள் ஆழ்ந்து எண்ண வேண்டிய ஒன்றைக் கூறுவோம். படநூல்களில் முஸ்லிம் இல்லம் ஒன்று தோன்றுவது அரிது. அவ்வாறு தோன்றிய சிலவற்றுள் சிறந்தது, ஃபவ்ஸியா கிலானி வில்லியம்ஸ் எழுதி, ப்ரோய்தி ராய் ஓவியம் வரைந்து, துளிகா வெளியிட்ட, இஸ்மத்தின் பெருநாளைப் பற்றிய நூலாகும். பழைய துருக்கிக் கதை ஒன்றன் மறுவடிவம் அது. செருப்புத் தைக்கும் இஸ்மத், பெருநாளுக்கு முன்னர் வீட்டார் அனைவருக்கும் பரிசுகள் வாங்கியபின் தமக்கும் ஒரு கால்சட்டை வாங்குகிறார். அது சற்று நீளம். சுருக்கித் தைத்துத் தரக் கேட்டால் மனைவி, தாய், மகள் மூவருக்கும் சமையலறையில் ஓயாத வேலை. அவர் தாமே கத்தரித்துத் தைத்துக்கொள்கிறார். பிறகு மூவரும் மனங்கேளாமல், ஒருவர் செய்தது மற்றவர்க்குத் தெரியாமல், தனித்தனியே வந்து கத்தரித்துத் தைத்து வைக்கிறார்கள். பெருநாள் காலையில் அக்கால்சட்டை என்ன ஆகியிருக்கும் என்பதைக் குழந்தை முன்னரே கணக்கிட்டுச் சிரிக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்நூல் பெருநாளைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. அன்பு மிகுந்தால் ஒரு வீட்டில் எத்தகைய குழப்பம் நேரும் என்பதைக் காட்டுகிறது. அவ்வீடு முஸ்லிம் வீடாக இருக்கிறது, அவ்வளவே. ஒரே செயல் நான்கு முறை திரும்ப வருவதால், மூன்றாம் முறைக்குள் குழந்தையும் சேர்ந்து சொல்லத் தொடங்கிவிடும். வாய்விட்டுப் படிப்பதற்குரிய இலக்கணம் முழுவதும் பொருந்திய நூல் இது. நம் குழந்தை தன் வீட்டாரைக் கண்டு சிரிக்கும். அண்டை வீட்டுக் குழந்தையும் தன் வீட்டாரையே அதில் கண்டு சிரிக்கும்.

ஆனால் இந்நூலைப் பாராட்டும்போதே ஒரு குறையும் நெஞ்சில் எழுகிறது. நாம் கதையில் தோன்றுவதற்குப் பெருநாள் வர வேண்டியிருக்கிறது! ஆண்டின் மற்ற நாள்களில் நம் வீடுகளில் கதையே நிகழ்வதில்லையா? பத்தமடையில் கோரைப்பாய் நெய்யும் வீட்டில் ஒரு குழந்தையின் காலைப்பொழுது, காயல்பட்டினத்துச் சந்தில் பந்தைத் தொலைத்த ஒருவனின் மாலைப்பொழுது, ராத்தாவின் புத்தகப்பையைத் தூக்கிப் பார்க்கும் தம்பியின் பெருமை ஆகியவை ஓவியருக்காகவும் எழுத்தாளருக்காகவும் காத்திருக்கின்றன. பெரியோர்க்கான கதையும் கவிதையும் எழுதும் நம் எழுத்தாளர்கள் இத்துறையில் கை வைக்காதது, இது எளிதென்று எண்ணியதாலா, சிறிதென்று எண்ணியதாலா? 32 சொற்களில் ஒரு நூலை எழுதிப் பார்ப்பவரே அதன் அருமையை உணர்வர்.

கடைக்குச் செல்லுமுன்

விலை தடையாகலாம் என்பதை அறிவோம். 1957இல் நிறுவப்பட்ட தேசியப் புத்தக அறக்கட்டளை பல மொழிகளிலும் குறைந்த விலையில் படநூல்களை அளித்து வருகிறது. 2004இல் தொடங்கிய பிரதம் புக்ஸ் 2015 முதல் ‘ஸ்டோரிவீவர்’ என்னும் இணையத் தளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகளைக் கட்டணமின்றி வைத்துள்ளது. பலர் கைபட்ட மொழிபெயர்ப்புகள் ஆதலால் அவற்றின் தரம் ஒரே சீராக இராது. அங்கும் நாவின் தேர்வு வேண்டும். ஊர் நூலகமும் இருக்கவே இருக்கிறது.

எந்நூலாயினும் வாங்குமுன் கடையிலேயே நின்று இரண்டு பக்கங்களை மெல்லிய குரலிலேனும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மூச்சு எங்கே முட்டுகிறது, நாக்கு எங்கே இடறுகிறது என்பது தெரிந்துவிடும். சொற்களைக் கையால் மறைத்துவிட்டுப் படங்களை மட்டும் புரட்டுங்கள். கதை சற்றேனும் விளங்குகிறதா என்று நோக்குங்கள். விளங்குமாயின், எழுத்தறியாத பாட்டியும் அந்நூலைத் தம் சொற்களால் பேரனுக்குப் ‘படித்துக் காட்ட’ இயலும். இறுதிப் பக்கத்தில் அறிவுரை ஒட்டப்பட்டிருப்பின், படிக்கும்போது அதனை விட்டுவிடலாம். ஆனால் அறிவுரைக்காகவே கதை கட்டப்பட்டிருப்பின் நூலையே விட்டுவிடலாம். பத்து நூல்களை ஒருமுறை படிப்பதைவிட, ஒரு நூலைப் பத்து முறை படிப்பது நன்று. குழந்தை ‘இன்னொரு முறை’ என்று கேட்பதைக் காட்டிலும் உயர்ந்த மதிப்புரை ஒரு படநூலுக்குக் கிடைக்கப் போவதில்லை.

பள்ளி எழுத்தைக் கற்பிக்கும், சொற்களையும் கற்பிக்கும். ஆனால் ஒரு வாக்கியம் எவ்வாறு தொடங்கி, எங்கே தயங்கி, எவ்வாறு முடிகிறது என்பதை மடியில் இருந்து கேட்டுப் பழகிய குழந்தைக்கே அவ்வெழுத்துகள் பேசத் தொடங்கும். அவ்வாறு கேளாத குழந்தை, ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுத்துகளை அடையாளம் காட்டும். இரண்டிலும் தன் உள்ளத்தைச் சொல்ல வாக்கியமின்றித் தவிக்கும். அந்நிலை நம் பிள்ளைகளுக்கு நேரலாகாது. சீருடைக்கு அளவெடுக்கச் செல்லும் அதே நாளில், புத்தகக் கடையிலும் ஒரு கால்மணி நேரம் நின்று வருவோமாக.